எக்ஸ்பி கேட்ட பெயர்

கடலூர் கம்ப்யூட்டர் கடையில் அன்று ஓயாமல் போன். ஜெனிபர் அலுப்போடு எடுத்தாள்.

"சிதம்பரத்துலேர்ந்து பேசறேங்க. கம்ப்யூட்டர்ல விண்டோஸ் எக்ஸ்பி போடறேன், ப்ராடக்ட் கீயை எடுத்துக்க மாட்டேங்குது."

ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு சொன்னாள்: "சிபியூ மேல ஸ்டிக்கர் இருக்கும், பாத்துப் படிங்க."

அவன் படித்தபடியே அடித்தான். தப்பு. மறுபடி அடித்தான். அதுவும் தப்பு.

"அது எட்டா, பி-யா?"

"அழிஞ்சி கெடக்குங்க."

"பி போட்டுப் பாருங்க. அடுத்தது ஆறு இல்ல, ஜி-யா இருக்கும்."

"ஜாஸ்தி தொந்தரவு குடுக்கறேன் இல்லீங்களா?"

"பரவால்ல, அடிங்க."

ஒருவழியாக கீ ஏறியது. சாயந்திரம் மறுபடி அதே குரல்.

"எல்லாம் முடிஞ்சிடுச்சிங்க. இந்த கம்ப்யூட்டரை யார் யார் பயன்படுத்துவாங்கன்னு பேரு கேக்குது."

"உங்க பேரைப் போடுங்க."

"லியோன்னு போட்டுட்டேன். கீழ இன்னொரு எடம் இருக்கு." தயங்கினான். "உன் பேரையும் போடட்டுமா, ஜெனி?"

சண்டை போட்டு அவள் அம்மா வீட்டுக்கு வந்த பிறகு, கட்டின புருஷன் அவளிடம் பேசுவது இன்றுதான். அதையும் யாரோபோலத்தான் தொடங்கியிருந்தான்.

"போட்டுத் தொலைங்க" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "கடையை மூடினதும் பஸ் ஏறறேன்."