பருப்புக்கறியில் எரிவு

“நாக்கு வெந்து போச்சு! என்னைக் கொல்லதுக்கா ஏட்டி இம்புட்டு மிளகாய் வத்தலை அரைச்சு வச்ச?”

செல்லபாய் தட்டைத் தள்ளிவிட்டு மருமகள் தங்கநேசத்தின் மேல் பாய்ந்தாள். ஒரு வாரமாக எந்தக் கறி வைத்தாலும் இதே கூத்துதான்.

“மகாராஜா ஆட்சி போயி ஓட்டுப் போடுத காலம் வந்துட்டா, மருமவளுக்கு மாமியாரைக் கண்டு பயம் வேண்டாமா? லே இஸ்ரவேல், உன் பெண்டாட்டி வச்ச பருப்புக்கறியை நீயே தின்னு பாரு!”

மகன் ஒரு வாய் தின்றான். மனைவியை ஏறிட்டுப் பார்த்தான்.

“பாத்தியா! அவனுக்கே பேச்சு வரல்ல” என்றாள் செல்லபாய், வழக்கில் ஜெயித்தவள் போல.

“மாமி, இன்னைக்குக் கறியில நான் ஒரு வத்தல்கூட வைக்கல்ல.”

செல்லபாய் மகனைப் பார்த்தாள். அவன் ஆமென்று தலையாட்டினான்.

“சபைப் பெண்கள் கூட்டத்துக்கு வந்த நர்சம்மா சொன்னாவ. வெத்தலையும் பொயிலையும் போடுதவியளுக்கு எரிவில்லாத கறியும் எரிஞ்சா, வாயை உடனே டாக்டர்கிட்ட காட்டணுமாம். அதான் சோதிச்சுப் பாத்தேன். வண்டி சொல்லியாச்சு மாமி, வாருங்க.”

செல்லபாயின் கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளையாய்ப் படர்ந்திருந்ததை மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் அறுத்தெடுத்தார். “புற்றாக மாறும் முன்னே வந்துவிட்டீர்கள். இனி வெற்றிலை, புகையிலை கூடாது” என்றார்.

புண் ஆறிய அன்று செல்லபாய் தன் பித்தளை வெற்றிலைப் பெட்டியைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, மருமகளின் கையில் கொடுத்தாள்.

“இனி இதுல வத்தல் போட்டு வை மக்கா. எம்புட்டு எரிஞ்சாலும் நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.”