மிளகு சாப்பிடவில்லை

மிளகு தட்டை முகர்ந்து பார்த்தது. பிறகு, பரிமாறியவர் யாரென்று தெரிந்தும் தெரியாததுபோல, முகத்தைத் திருப்பிக்கொண்டது.

நாயின் மொத்த உருவமே இரண்டு கைக்குள் அடங்கிவிடும். அதற்கு இத்தனை ராங்கி.

"இந்த மீனும் பிடிக்கலையாப்பா?" என்றாள் மகள், போனுக்குள்ளிருந்து.

"நீயேதான் பார்க்குறியே," என்றார் சமையல்காரர்.

போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து, நாயும் தட்டும் தெரிகிற மாதிரி தரையில் வைத்திருந்தார். திரையில் மகள் ஆபீஸ் உடுப்பைக்கூட இன்னும் மாற்றவில்லை.

காலமெல்லாம் ஆஸ்பத்திரி கேன்டீனில் சமைத்தவர் அவர். காய்ச்சலில் நாக்கு கசந்தவர்கள், பல் போனவர்கள், உயிரே வெறுத்துப் படுத்தவர்கள், எல்லோரையும் நாலு வாய் சாப்பிட வைத்த கை. அந்தக் கை இப்போது முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு நாயிடம் தோற்றுக்கொண்டிருந்தது.

நாய் மகளுடையது. வேலை மாற்றலாகி வேறு ஊருக்குப் போனாள். அங்கே குடியிருப்பில் நாய் வைத்துக்கொள்ளக் கூடாதாம். "கொஞ்ச நாளைக்குத்தான்பா" என்று அவர் மடியில் விட்டுவிட்டுப் போனவள்தான். அவருக்கோ பேச்சுத்துணைக்கு வேறு ஆளில்லை.

முதலில் எப்போதாவதுதான் கூப்பிடுவாள். நாய் சாப்பிடவில்லை என்று தெரிந்ததிலிருந்து ஒரு சாயங்காலம் தவறுவதில்லை.

கடையில் இருக்கிற எல்லாத் தீனியும் வீட்டுக்கு வந்து போய்விட்டது. பெரிய உருண்டை இந்தத் துளி வாய்க்குள் போகாது என்று அவள்தான் எங்கோ படித்துச் சொன்னாள். குட்டி ஜாதி நாய்க்கென்றே செய்த பொடி உருண்டைகளைத் தேடி வாங்கினார். கோழி போட்டது, மீன் போட்டது, ஆட்டுக்கறி போட்டது. வெந்நீரில் ஊறவைத்தால் வாசனை எழும்பும் என்றாள், ஊறவைத்தார். திடீரென்று மாற்றினால் வயிற்றுக்கு ஆகாது, பழையதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கணும் என்றாள், கலந்தார். வெங்காயத்தின் வாசனைகூடப் படாமல், உப்பும் போடாமல் கோழியை வேகவைத்து, நார் நாராகப் பிய்த்தும் வைத்துப் பார்த்தார்.

மகாராணி எதற்கும் மசியவில்லை.

தினமும் இதை இருவரும் உட்கார்ந்து அலசுவார்கள். கோழியா மீனா, எவர்சில்வர் தட்டா பீங்கானா என்று பேச்சு நீளும். நடுவில் ஆபீஸில் யாரோ சிடுசிடுத்ததைச் சொல்வாள். ஒரு நாள், பேச்சுவாக்கில், வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை வைத்து அவர் அந்த வாரத்தையே ஓட்டினார்.

"ஆனா பார்த்தா குண்டாத்தான் தெரியுது," என்றாள் இன்று.

"முடிம்மா. வெட்டணும்."

அவள் பெருமூச்சு விட்டாள்.

"இது சரிப்பட்டு வராதுப்பா. உங்களையும் போட்டுப் படுத்துது. என்கூட வேலை பார்க்குற அக்கா, நாய் வளர்த்துப் பழகினவங்க, தனி வீடு. அவங்க வச்சுக்கிறேன்னு சொல்றாங்க. ஞாயித்துக்கிழமை வந்து தூக்கிட்டுப் போயிடறேன்."

ஞாயிற்றுக்கிழமை வருகிறாள் என்பது மட்டும்தான் முதலில் அவர் காதில் விழுந்தது. மனசு துள்ளியது. தூக்கிக்கொண்டு போகிறாள் என்பது அப்புறம்தான் உறைத்தது.

"இரு, இரு. இன்னொரு தடவை பார்க்கிறேன்."

முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். ஒரு உருண்டையை எடுத்து அதன் வாயருகே நீட்டினார்.

"சாப்பிடுடி கண்ணு. ஒரே ஒரு வாய்."

இத்தனை நாளில் அவர் இப்படிக் கெஞ்சியதே இல்லை. மிளகு அவரை நிமிர்ந்து பார்த்தது. பாவம் கிழவன் என்று நினைத்ததோ என்னவோ, அவர் விரலை ஒரு தடவை நக்கிக் கொடுத்துவிட்டுச் சுருண்டு படுத்தது.

"விடுங்கப்பா," என்று மகள் போனை வைத்துவிட்டாள்.

அவர் எழுந்து அடுக்களைக்குப் போனார்.

கதவுக்குப் பின்னால் இன்னொரு தட்டு இருந்தது. மகள் கூப்பிடுவதற்கு வெகு முன்னாலேயே அவர் தீனி போட்டு வைத்த தட்டு. வழித்து நக்கி, கழுவி வைத்த மாதிரிப் பளபளவென்று கிடந்தது. நேற்றும் அப்படித்தான். அதற்கு முந்தைய எல்லா நாளும் அப்படித்தான். கோழியோ மீனோ ஆடோ, மிளகு வேண்டாம் என்று சொன்ன தீனி இதுவரை கடைக்கு வரவில்லை.

இன்றைக்காவது அரை வயிற்றோடு நிறுத்தியிருக்கலாம். கேன்டீன் கை, குறைத்துப் போட்டுப் பழக்கமில்லை. மூக்குமுட்டத் தின்ற நாய் யார் கெஞ்சினால்தான் மறுபடி தின்னும்.

குனிந்து தட்டை எடுத்தார். மிளகு வந்து அவர் பாதத்தின் மேல் உட்கார்ந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் மகள் வருவாள். ஒரே ஒரு நாள். அதற்கப்புறம் நாயும் இருக்காது, போனும் வராது.

போனை எடுத்தார்.

"சாப்பிட்டுடுச்சும்மா," என்று காலித் தட்டைத் தூக்கிக் காட்டினார். "நீ போனை வச்ச கையோட, ஒரே மூச்சுல."

"அப்பாடா," என்றாள். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது, பொய்யில்லை. "அந்த மீன்தான்பா சரி. இனிமே மாத்தவே மாத்தாதீங்க, அதையே வாங்குங்க. அப்ப நான் வரலை, இங்க தலைக்கு மேல வேலை. வச்சிடட்டுமா?"

நீங்க சாப்பிட்டீங்களாப்பா என்று ஒரு வார்த்தை கேட்பாளோ என்று பார்த்தார்.

கேட்டால் சொல்வதற்கு, இல்லை என்ற பதிலைத் தயாராக வைத்திருந்தார்.