கட்டிலோரத்து ஜெபம்

பக்கவாதத்தில் பேச்சிழந்து கிடந்த கணவரை, முதுகில் புண் வராமலிருக்க ஒருக்களித்துப் படுக்கவைத்தாள் மனைவி. கைகொடுத்த நர்ஸ் கேட்டாள்.

"என்னக்கா, இன்னிக்கு ஜெபம் பண்ணலையா?"

"ஓஞ்சு போயிட்டேன் சிஸ்டர். காதுல விழுதான்னே தெரியல."

"யாருக்கு, ஐயாவுக்கா?"

"ரெண்டு பேருக்கும்தான்."

"அதுக்காக விட்டுடாதீங்கக்கா."

அரைமனதாகக் கண்களை மூடினாள். "ஆண்டவரே, ராத்திரியைக் கடக்கப் பண்ணினீரே..." பாதியில் நிறுத்திவிட்டு, அவர் போர்வையைச் சரிசெய்யப் போனாள்.

"பகலையும்... கடக்கப் பண்ணும்."

கட்டிலிலிருந்து குழறலாக வந்தது குரல்.

நர்ஸ் துள்ளினாள். "பாத்தீங்களா! ஐயா பழைய ஜெபத்த மறக்கல!"

மனைவி கட்டில் கம்பியைப் பற்றிக்கொண்டாள்.

"பழசா? நான் முழங்கால் போட்டாலே எழுந்து வெளிய போயிடுற மனுஷன் சிஸ்டர் இவரு! இது என் சொந்த வார்த்தை. இந்தக் கட்டில் பக்கத்துல வந்துதான் சொல்ல ஆரம்பிச்சேன்."