உச்சத்தில் ஒரு காறல்

பாட்டு டீச்சர் அமிர்தவல்லியின் குரலை நகலெடுத்து மாத்திரையாக்கிய கையோடு, கம்பெனி அவளை வேலையைவிட்டுத் தூக்கியது. ஒன்றை விழுங்கினால் போதும், ஆறு வயதோ அறுபதோ, அவளைப் போலவே பாடலாம்.

முதல் மாத்திரையை முதலாளி சபேசனே விழுங்கி, மகள் கல்யாண வரவேற்பில் மைக்கைப் பிடித்தார். குரல் குழைந்து ஏறியது. உச்சத்தைத் தொட்டதும் கர்ரென்று தொண்டை காறியது. மறுபடி தொட்டார், மறுபடி காறியது. சம்பந்தி வீட்டார் வாய்பொத்திச் சிரித்தார்கள்.

அழைக்காமலே வந்து பாயசம் குடித்துக்கொண்டிருந்த அமிர்தவல்லியிடம் வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார் சபேசன்.

"குரல் பதிவு பண்ணின அன்னைக்கு உனக்குச் சளியா?"

"இல்ல சார். வேலையைவிட்டுத் தூக்கப்போறீங்கன்னு முன்னாடியே தெரியும்."

"இது எப்பம்மா போகும்?"

"முதல்ல படிஞ்சது போகாது சார். அதுக்குத்தான் ஆரம்பப் பாடத்துக்கு நல்ல டீச்சர் வேணும்ங்கிறது."