மாஸ்டரை மடக்கிய போன்

"சிம் தட்டு காலியா இருக்கு மாஸ்டர்," என்றான் வெண்ணெய், கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்தபடி.

"காலியாவா? நல்லாப் பாருடா."

"நாக்கை நீட்டிக்கிட்டு நிக்குது. அதுமேல ஒண்ணுமே இல்ல."

மாஸ்டர் பூதக்கண்ணாடி விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு பார்த்தார். சலவைக்கடைக்கு மேலே இருந்த அந்த அறையில்தான் இருவரும் தொழில் நடத்திவந்தார்கள். கூட்டமான பஸ்களில் போன்களை எடுத்து வருவது வெண்ணெயின் வேலை. எந்தப் பைக்குள்ளும் வழுக்கிக்கொண்டு போகும் விரல்கள் என்பதால் அந்தப் பெயர். அந்தப் போன்களைத் திறந்து, உள்ளே இருக்கும் வங்கிக் கணக்குகளைத் துடைத்து வைப்பது மாஸ்டரின் வேலை. உழைப்பில் இருவருக்கும் சரிபாதி என்பார் மாஸ்டர். பஸ்ஸில் விழும் அடியில் மட்டும் ஏன் சரிபாதி இல்லை என்பது வெண்ணெயின் நெடுநாள் சந்தேகம்.

"இ-சிம்டா இது. போனுக்குள்ளயே பதிஞ்சிருக்கும். கழட்டி வேற போன்ல போட்டு ஓடிபி வாங்கற கதையெல்லாம் நடக்காது. விவரமான ஆளு."

"அப்ப முதல்ல ஆஃப் பண்ணித் தொலைங்க. எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சிடப் போறாங்க."

மாஸ்டர் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தினார். அணைப்பதற்கும் போன் ரகசிய எண் கேட்டது.

"ஆஃப் பண்றதுக்கே போனுக்குச் சொந்தக்காரங்ககிட்ட அனுமதி வாங்கணுமாம்," என்றார். குரலில் கோபம் இல்லை. மட்டமான விடைத்தாள்களுக்கு நடுவே ஒரு நல்ல தாளைக் கண்ட வாத்தியாரின் திருப்திதான் இருந்தது.

வெண்ணெய் தொண்டையைக் கனைத்தான். "சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க மாஸ்டர். இந்த வாரம் கொண்டுவந்தது ஒண்ணுகூடத் திறக்கல. இதுவும் திறக்கலைன்னா நான் எதிர்த்தெரு ஆளோட சேர்ந்துக்கறேன். அவரு திறக்கறாரோ இல்லையோ, டீயாவது வாங்கித் தர்றாரு."

மாஸ்டர் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். வெண்ணெய் போனால் தொழிலே போய்விடும். அவரே ஒருமுறை பஸ்ஸில் கைவரிசையைக் காட்டப் போய், தன் பர்ஸைப் பறிகொடுத்துவிட்டு வந்தவர்.

"இருடா, அவசரப்படாதே. கவர் எங்க? அதுக்குப் பின்னாடி ஏடிஎம் கார்டு சொருகி வெச்சிருப்பாங்க. பாதி ஜனம் அங்கதான் வைக்கும்."

"கவரை அங்கேயே கடாசிட்டேன். அதுல ஒரு பஸ் டிக்கெட்கூட இல்ல."

"பாத்தியா, அதுவும் தெரிஞ்சிருக்கு."

போன் ஒருமுறை அதிர்ந்தது. 'ஒரு செய்தி வந்துள்ளது' என்று மட்டும் திரையில் தெரிந்தது. யார் அனுப்பியது, என்ன அனுப்பியது, ஒன்றும் தெரியவில்லை.

"இப்ப ஓடிபியே வந்தாலும் நம்மால படிக்க முடியாது," என்றார் மாஸ்டர். "பின்னாடி இருக்கற படத்தைப் பாரு. கம்பெனிக்காரன் கொடுத்த வெறும் நீலம். வீட்டு ஆளுங்க படத்தை வெச்சா நம்மள மாதிரி ஆளுங்க அடையாளம் பாத்துக்குவாங்கன்னு யோசிச்சிருக்காங்க. என்ன ஒரு மூளை."

"நீங்க திருட வந்தீங்களா, மார்க் போட வந்தீங்களா?"

"ஆளைப் பாத்தியாடா?"

"கைப்பையிலேர்ந்து எடுத்தேன், பொம்பளை. நான் பையைப் பாப்பேனா, முகத்தைப் பாப்பேனா?"

மாஸ்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "எத்தனை போன் பாத்திருப்பேன். பொறந்த தேதியைப் பூட்டா வெச்ச டாக்டரு. எல்லாப் பாஸ்வேர்டையும் போட்டோ புடிச்சு வெச்ச பேங்க் மேனேஜரு. எல்லாம் நமக்காகவே பொறந்த புண்ணியவானுங்க. இந்தம்மா ஒருத்திதான்டா நம்மளையும் ஒரு ஆளா மதிச்சு, நாம வருவோம்னு எதிர்பார்த்து ஏற்பாடு பண்ணி வெச்சிருக்கா. இவளைக் கட்டிக்கிட்டவன் கொடுத்து வெச்சவன்."

"பாராட்டு விழாவை அப்புறம் வெச்சுக்கலாம். நம்பரை அடிங்க."

மாஸ்டர் போனை முகத்தருகே பிடித்துக்கொண்டு, ஒன்றிலிருந்து ஆறு வரை வரிசையாகத் தட்டினார். தவறு. ஆறிலிருந்து ஒன்று வரை இறங்கி வந்தார். அதுவும் தவறு. எல்லாம் பூஜ்யமாகத் தட்டினார்.

'தவறான எண். இனி ஒரு மணி நேரம் கழித்தே முயல முடியும்.'

"அடடா, அடடா," என்று மாஸ்டர் வாயைப் பிளந்தார்.

அந்த நொடியில் திரை பளிச்சென்று வெளுத்து அடங்கியது. நீலத்தின் மேல் புதிதாக எழுத்துகள் வந்தன. வெண்ணெய் எட்டிப் பார்த்து, எழுத்துக் கூட்டிப் படித்தான்:

'உங்கள் படம் எடுக்கப்பட்டு என் கணவருக்கு அனுப்பப்பட்டுவிட்டது.'

வெண்ணெய் செருப்பைத் தேட ஆரம்பித்தான். "போச்சு. புருஷன்காரன் போலீஸா இருந்தா?"

"இருப்பான்டா," என்றார் மாஸ்டர், பார்வையைப் போனிலிருந்து எடுக்காமல். "இப்படி ஒருத்தி நம்பிப் படம் அனுப்பறான்னா, அவன் லேசுப்பட்டவனா இருக்க மாட்டான். பெரிய மூளைக்காரனாத்தான் இருப்பான்."

மாஸ்டரின் சட்டைப்பையில் 'டிங்' என்றது.

எடுத்துப் பார்த்தார். மனைவியின் எண்ணிலிருந்து ஒரு படம் வந்திருந்தது. அதில், வாயைப் பிளந்தபடி அவரே இருந்தார்.