பதினேழாம் எண் கத்திரிக்காய்

"புழுவே தின்னாத கத்திரிக்காயை நாம மட்டும் ஏன் சிஸ்டர் தின்றோம்?"

ராயபுரம் விடுதியில் ஏழு வயது அனிஷா கேட்ட இந்தக் கேள்விதான் கத்திரிக்காயை எர்ணாவூர்ப் பரிசோதனைக்கூடம் வரை கொண்டுவந்து சேர்த்தது. கடைப்பெயரை உறைக்குள் வைத்து ஒட்டி, மேலே எண்ணை மட்டும் எழுதி அனுப்பியிருந்தார் சிஸ்டர். பதினேழாம் எண் தேறவில்லை.

அந்த முடிவு எழுதிய சீட்டோடுதான் ஃப்ளோரன்ஸ் வந்து நின்றாள். ஐம்பது வயது, காய் விற்றுப் பழகிய குரல்.

"பன்னெண்டு வருசமா ஆஸ்டலுக்குப் போய்கினு கீற காயி, மேடம். சாயங்காலத்துக்குள்ள பாஸுன்னு பேப்பர் போகலன்னா ஆர்டர் எதிர்கடைக்குப் பூடும்."

"நான் என்னக்கா பண்றது? காய்ல பூச்சி மருந்து இருக்கே" என்றாள் ஆய்வாளர் ஜானட்.

"உன் கரித்தூள்ல இருந்திருக்கும். கண்ணாடி வழியா பார்த்தேன். காயை அரைச்சி அதுல கரியைக் கொட்றீங்கோ. இன்னா, கத்திரிக்காய்க்குப் பல்லு வெளக்கி வுடறீங்களா?"

ஜானட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது நானோ கரிக்கா. தலைமுடியை ஆயிரமாயிரமா வகுந்தா எவ்ளோ மெலிசோ, அவ்ளோ மெலிசான குழாய். காயோட சாயம், பிசுக்கு எல்லாத்தையும் அது இழுத்துக்கும். மருந்து மட்டும் தெளிவா மாட்டிக்கும். கரியை மட்டும் தனியா மெஷின்ல ஓட்டியும் பார்த்தாச்சு. சுத்தம்."

பிறகு குரலைத் தாழ்த்தினாள். "இது வயல்ல அடிச்ச மாதிரியும் தெரியலை. வீட்ல அடிக்கிற கொசு மருந்து."

ஃப்ளோரன்ஸ் தலையில் அடித்துக்கொண்டாள். "நெனைச்சேன்! சாம்பிள் எடுக்க ஆளு வர்ற நேரத்துல ஈ மொய்க்கக் கூடாதாம். புஸ்ஸு புஸ்ஸுன்னு அடிச்சாச்சு."

"காய் மேலயா? மூளை வேணாம்?"

"அது இருந்தா இந்தப் பேஜாரு ஏன்?" பையை மேசையில் வைத்தாள். "காத்தால வந்த லோடு. மூட்டை பிரிச்சதும் எடுத்தது. இன்னொருவாட்டி பாரு கண்ணு."

மறுபரிசோதனைக்கு விதி இடம் கொடுத்தது. கருவி ஓடிக்கொண்டிருக்கையில் கண்ணாடிக்கு வெளியே ஃப்ளோரன்ஸ் கைகூப்பினாள். "அந்தோணியாரே, காணாம போனதெல்லாம் கண்டுபுடிச்சிக் குடுக்கிறவரே, இன்னிக்கு ஒரு நாள் எதையும் கண்டுபுடிக்காம இருப்பா!"

எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை.

சான்றிதழில் பெயர் போட ஜானட் உறையைப் பிரித்தாள். 'சுயம்பு காய்கறிக் கடை.'

"சுயம்பு யாரு, உங்க வீட்டுக்காரரா?"

"ஐயய்யோ! அந்தாளு கடைக்கு எதிர்கடையே என்னுதுதான். என் வூட்டுக்காரரு தவறினப்போ நாப்பது நாளு, வெடியக்காத்தால என் கடையைத் தொறந்து வித்துக் குடுத்துட்டு, அப்பறமாத்தான் தன் கடையைத் தொறந்தாரு மனுசன். சீட்டும் காயும் அவரு கடைப் பையன்கிட்ட வாங்கினது, அவருக்குத் தெரியாது. இந்தப் பேப்பரை அவரு சோறு துன்னப் போற நேரம் பார்த்து ஷட்டருக்கு அடியில தள்ளிட்டுப் பூடறேன். நீயும் என்னைப் பார்க்கல, இன்னா?"