நாடி பார்த்துச் சொல்லும் செய்தி

இப்போதெல்லாம் கைக்கடிகாரம் நாடியைப் பார்த்துத்தான் செய்தி சொல்கிறது. பயம் ஏற ஏறச் செய்தியை இதமாக்கினால் நெரிசல் சாவுகள் குறையும் என்று ஆய்வேடு எழுதி முனைவர் பட்டம் வாங்கியவளே மணிமொழிதான்.

கணவன் சந்தானம் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டான்.

"மணி, ஏரி உடைஞ்சிருச்சுன்னு எனக்குச் செய்தி வந்திருக்கு. உனக்கு என்ன வருது?"

"லேசான தூறல்னு சொல்லுதுங்க. ஆனா வாசல்ல முழங்கால் தண்ணி நிக்குது. பாலத்துப் பக்கம் போகவா, ஸ்கூல் பக்கம் போகவா?"

பதில் வருமுன் இணைப்பு அறுந்தது. அவளுக்கு நெஞ்சு படபடத்தது.

"நல்ல வெயில். துணி காயப்போடலாம்" என்றது கடிகாரம்.

பயத்தை அடக்கினால்தான் உண்மை வரும். சாப்பாட்டு மேசைமேல் ஏறி உட்கார்ந்து, கண்ணை மூடி, மூச்சை மெல்ல மெல்ல எண்ணினாள். கீழே நாற்காலிகள் மிதந்து முட்டிக்கொண்டன. அவள் எண்ணுவதை நிறுத்தவில்லை. ஒருவழியாக நாடி எழுபதுக்கு இறங்கியது.

"பாலத்துச் சாலை ஐந்து நிமிடம் முன்புவரை திறந்திருந்தது. இனி வழியில்லை."

அவள் நெஞ்சு துள்ளி அடித்தது.

"துணி காய்ந்திருக்கும். எடுத்து மடித்து வையுங்கள்" என்றது கடிகாரம்.